பருத்திப்பால் இருக்கட்டும், அந்த லேகிய டப்பா எங்கே?

கேள்வி: வயது 31. கொங்கணாபுரம் பக்கம் ஊர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது, இன்னும் குழந்தை உண்டாகவில்லை. சிறு வயதிலிருந்தே மாதத்துக்கு இரண்டு தம்ளர் பருத்திப்பால் குடிப்பேன். பருத்திக்கொட்டையில் இருக்கும் காஸிபோல் என்ற விஷம் ஆண்களை மலடாக்கும் என்று வீடியோவில் பார்த்ததும் நிறுத்திவிட்டு, மூன்று மாதமாக ஆன்லைனில் வாங்கிய லேகியம் சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது, வாயுத் தொல்லை, கண் துடிக்கிறது. போன மாதம் இரண்டு முறை விடியற்காலையில் கால்கள் மரக்கட்டை மாதிரி கிடந்தன, எழ முடியவில்லை. இரண்டாவது முறை கிடா விருந்துக்குப் போய்வந்த மறுநாள். பத்து மணிக்குள் தானாகச் சரியாகிவிட்டது. எங்கள் மாடும் பருத்திக்கொட்டைதான் தின்கிறது. அதன் பாலைக் குடிக்கலாமா?

பதில்: முடி, வாயு, கண் துடிப்பு மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. "தானாகச் சரியாகிவிட்டது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் தருவது அதுதான். முப்பது வயது ஆளுக்கு இரண்டு முறை கால் விழுந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, 2-க்குப் பக்கத்தில் போனால் தசை வேலைநிறுத்தம் செய்யும். இதயமும் தசைதான்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. கால் சரியான பிறகு ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரலாம். ஆகவே அடுத்த முறை கால் விழுந்த அந்த நேரத்திலேயே 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக அடுத்த முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு பொதுநல மருத்துவரைப் பார்த்து பொட்டாசியம், தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் சோதியுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் இளைஞர்களுக்கு, வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட இரவுக்கு மறுநாள் விடியலில் இப்படிக் கால் விழுவதுண்டு. உங்கள் கிடா விருந்து எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது.

இன்னொரு சந்தேகம் அந்த லேகியம். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் அதிமதுரம் என்று இருக்கிறதா பாருங்கள். தொண்டைக் கட்டுக்கு எப்போதோ ஒரு துண்டு மென்றால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் வேளாவேளைக்குத் தின்றால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ரத்த அழுத்தமும் ஏறும். பருத்திக்குப் பயந்து நீங்கள் பிடித்துக்கொண்ட மருந்தே காலை வாரியிருக்கலாம். இன்றோடு நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம், நான் சொன்னதை வைத்துக்கொண்டு மெடிக்கலில் பொட்டாசியம் சிரப் வாங்கிக் குடிக்கக் கூடாது. அது இறங்கினாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து.

சரி, காஸிபோலுக்கு வருவோம். வீடியோக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு பருத்திக்கொட்டையைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். வெளிறிய பருப்பில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் தெரியும். காஸிபோல் அந்தப் புள்ளிகளுக்குள்தான் இருக்கிறது. பூச்சி தின்னாமலிருக்கச் செடி தானே தயாரித்துக்கொள்ளும் மஞ்சள் நிற நஞ்சு அது.

சீனாவில் சில கிராமங்களில், சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் தினமும் சமைத்தவர்களுக்குக் குழந்தை பிறப்பது குறைந்ததை வைத்துத்தான் சந்தேகம் எழுந்தது. 1970-களில் காஸிபோலையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கி, 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். விந்தணு குறைந்தது உண்மை. ஆனால் சிலருக்குப் பொட்டாசியம் இறங்கிக் கை கால் தளர்ந்தது, சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த வழி வேண்டாம் என்று விட்டுவிட்டது. அவர்கள் விழுங்கியது பிரித்தெடுத்த காஸிபோல், அதுவும் தொடக்கத்தில் நாள் தவறாமல் 20 மில்லிகிராம். நீங்கள் குடித்தது எப்போதாவது ஒரு தம்ளர், அரைத்து வடிகட்டி, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைத்தது. ஈரத்தோடு சூடேறும்போது காஸிபோலில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதன் வீரியமும் குறையும். மாதத்துக்கு இரண்டு தம்ளர் குடித்தவரிடம் நான் பருத்தியைக் குற்றம் சொல்ல மாட்டேன். தினமும் சொம்பு சொம்பாகக் குடிப்பவராக இருந்தால் மட்டும் குறையுங்கள் என்பேன்.

மாட்டைப் பற்றிய கவலை வேண்டாம். அசைபோடும் வயிறு காஸிபோலில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும், பாலைத் தாராளமாகக் குடியுங்கள். பால்குடி மறக்காத கன்றுக்கு மட்டும் கொட்டை வைக்காதீர்கள், அதற்கு அந்த வயிறு இன்னும் தயாராகவில்லை. (கோழிக்குப் போட்டால் முட்டையின் மஞ்சள் கரு பாசிப்பச்சையாகிவிடும்.) கொட்டையில் மட்டும் காஸிபோல் குறைவாகவும் இலையில் வழக்கம்போலவும் இருக்கும் பருத்தியை அமெரிக்காவின் டெக்சாஸில் விஞ்ஞானி கீர்த்தி ராத்தோரின் குழு உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. நம் சந்தைக்கு வருவது அந்தப் பருத்தி அல்ல.

குழந்தை விஷயத்தில் பருத்தியை விட நான் சந்தேகப்படுவது உங்கள் பட்டறையை. நாள் முழுக்க மடிக்கு முன்னால் நெருப்பு. அந்தச் சூடு விந்தணுவுக்கு ஆகாது. பற்றவைக்கும் பற்றாசில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலக்கிறார்களா என்று முதலாளியிடம் கேளுங்கள். கலந்தால் அந்தப் புகை விந்தணுவுக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல். ஒரே ஒரு விந்துப் பரிசோதனை செய்யுங்கள், அதற்கு முன் இரண்டிலிருந்து ஐந்து நாள் உறவு வேண்டாம். எண்ணிக்கை குறைந்திருந்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இதற்குள் அவரை இரண்டு மூன்று ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ரிப்போர்ட் வரும்வரை அடுத்த ஸ்கேனைத் தள்ளிவையுங்கள்.