அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ கஃபே ரேசர் ஆக்கினேன், ஆர்டிஓ ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: அப்பா 1995-இல் எடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100. அவர் போன வருஷம் தவறிவிட்டார், ஆர்சி இன்னும் அவர் பேரில்தான். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 1,40,000 ரூபாய் கொடுத்து கஃபே ரேசராக, அதாவது குனிந்து ஓட்டும் பழைய ரேஸ் பைக் மாதிரி, மாற்றினேன். தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில்பார், சிங்கிள் சீட், ரியர் செட் (பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட்), குட்டை சைலன்சர் எல்லாம் போட்டு, சேஸிஸின் பின்பக்கத்தை வெட்டி வளையம் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். பழைய இன்ஜினில் சிலிண்டரின் உள்சுவர் (போர்) தேய்ந்துவிட்டது என்று சொல்லி ஆர்எக்ஸ் 135 இன்ஜினையும் மாற்றிவிட்டார்கள், அதற்குப் பில் இல்லை. ஆர்சி முடிந்ததால் ரினியூவலுக்குக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார். விண்டேஜ் என்று பதிவு செய்யலாம் என்கிறார்கள் நண்பர்கள். முடியுமா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முதலில் ஒரு அவசர வேலை. அந்தப் பழைய இன்ஜின் எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைப் படித்தவுடன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கி வந்துவிடுங்கள். கூடவே பழைய டேங்க், சீட், சைலன்சர், மட்கார்டு, சாரி கார்டு எது இருந்தாலும் விடாதீர்கள். உங்கள் வழக்கும் வண்டியும் அந்த இன்ஜினை நம்பித்தான் இருக்கின்றன.

ஏன் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்சியில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. இப்போது உங்கள் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், சிசி, இருக்கை எண்ணிக்கை என்று வரிசையாக இருக்கும். ஆர்எக்ஸ் 100 என்பது 98 சிசி, ஆர்எக்ஸ் 135 என்பது 132 சிசி. இரண்டும் ஒரே கம்பெனி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே கம்பெனியின் அதே ரக இன்ஜின் என்றால் ஆர்டிஓ அனுமதியோடு, பில்லைக் காட்டி, புது நம்பரை ஆர்சியில் ஏற்ற வழி உண்டு. உங்கள் இன்ஜின் வேறு ரகம். சிங்கிள் சீட் வைத்ததில் இரண்டு பேர் வண்டி ஒரு ஆள் வண்டியாகவும் ஆகிவிட்டது.

லண்டனில் ஏஸ் கஃபே வாசலில் 1960-களில் கூடிய பையன்கள் நார்ட்டன் பைக்கின் சேஸிஸில் டிரையம்ப் இன்ஜினைப் பூட்டி டிரைட்டன் என்று ஒரு வண்டியையே உருவாக்கினார்கள். கஃபே ரேசர் ரசிகர்களுக்கு அதுதான் கோயில். ஆனால் ஒரு கம்பெனி சேஸிஸில் இன்னொரு கம்பெனி இன்ஜின் என்பது நம் பிரிவு 52 நேராகத் தடுக்கும் விஷயம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, நம் ரோட்டில் அதற்கு இடமில்லை.

தண்டனை என்ன? 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர் சத்தத்துக்கு பிரிவு 190(2) தனி, முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் நிற்கும். ஆர்சி வேறு முடிந்துவிட்டது என்கிறீர்கள், அந்த நிலையில் பிடித்தால் பிரிவு 207-இன் கீழ் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். அதனால் தயவுசெய்து ஓட்டாதீர்கள், பக்கத்துத் தெருக் கடைக்குக்கூட வேண்டாம். இன்ஷூரன்ஸையும் நினைத்துப் பாருங்கள். வண்டிக்குச் சேதம் என்று கிளெய்ம் போட்டால், சொல்லாமல் இன்ஜினை மாற்றியதைக் காரணம் காட்டி மறுப்பார்கள்.

பில் இல்லாத இன்ஜின்தான் எனக்கு அதிகக் கவலை. அது எந்த வண்டியில் இருந்து வந்தது? திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால், தெரியாமல் வாங்கினேன் என்பதை நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் விளக்க வேண்டியிருக்கும். தெரிந்தே வைத்திருப்பதுதான் பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 317-இன் குற்றம், ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். கிராங்க் கேஸில் (இன்ஜினின் கீழ்க்கூடு) பொறித்த நம்பரைத் துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். நம்பரை ராவி மறுபடி குத்திய அடையாளம் தெரிந்தால் இன்ஜினைத் தொடாமல் நேராக ஒரு வக்கீலிடம் போங்கள்.

விண்டேஜ் பதிவு? முடியாது. 2021 ஜூலையில் வந்த விதிகள்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் ஆதி வடிவத்திலேயே இருக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு வந்ததே 1985-இல். கிடைத்தாலும் அந்தப் பதிவை வைத்து தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம்.

அப்புறம் ஆர்சி. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 31. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, அம்மாவும் கூடப் பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று தரும் உறுதிமொழி இதெல்லாம் தயார் செய்யுங்கள். தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டிவரும், கட்டிவிடுங்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பேரை மாற்றி, அதன்பின் படிவம் 25-இல் ரினியூவல். சேஸிஸ் நம்பர் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஹேண்டில்பார் கழுத்தில்தான் இருக்கும், பின்பக்கம் வெட்டியதில் தப்பியிருக்கும். வெட்டிய இடத்தைச் சுத்தமாக ஒட்டவைத்து, செய்த வேலைக்குப் பில் வாங்கி இன்ஸ்பெக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் சாரி கார்டும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்கிறது, கஃபே ரேசர் வேலையில் முதலில் காணாமல் போவது இவைதான்.

பணம் விஷயத்தில் நேராகச் சொல்கிறேன், முழு 1,40,000-மும் திரும்ப வரும் என்று நம்பிப் போகாதீர்கள். சேஸிஸை வெட்டச் சொன்னது நீங்கள்தானே, சட்டவிரோதமான வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று எதிர்த்தரப்பு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ஐத் தூக்கிப் பிடிக்கும். இன்ஜின் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. தேய்ந்த இன்ஜினைச் சரிசெய்வதற்குப் பதிலாக, பில் இல்லாத வேறு ரக இன்ஜினைப் போட்டது தெளிவான சேவைக் குறைபாடு. ஆர்டிஓவில் பிரச்சினை வராது என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் இன்னும் பலம். அந்த மெசேஜ் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4) கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழும் சேர்க்க வேண்டும். ஜிபே ரசீதுகளையும் எடுத்து வையுங்கள்.

பழைய இன்ஜினைத் தரவும், புது இன்ஜினுக்கு வாங்கிய தொகையையும் பழைய நிலைக்குத் திருப்பும் செலவையும் கொடுக்கவும் கேட்டு 15 நாள் கெடு வைத்து பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நீங்களே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பழைய இன்ஜினை விற்றுவிட்டோம் என்று அவர்கள் சொன்னால், நம்பி ஒப்படைத்த பொருளை விற்றது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316. அந்தப் புகாரை இன்ஜின் நம்பரோடு எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். இன்ஸ்பெக்டரிடம் போகும்போது அந்த ரசீதும் கையில் இருக்கட்டும்.