பதினாறு வயதில் திருடுபவனையும் பெரியவர்களைப் போலவே சிறைக்கு அனுப்பினால் என்ன?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஏதேனும் களவு போயிருக்கக்கூடும். அந்த வேதனையை அறியாமல் நான் எழுதவில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு, பதினோராம் வகுப்பில் இருந்த என் அக்கா மகன், வகுப்புத் தோழன் ஒருவனுடன் சேர்ந்து ஒரு பால்காரரின் பைக்கைத் திருடினான் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

பதினெட்டு வயது நிறையாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவனை நிறுத்தினார்கள். பிணை கிடைக்கும்வரை ஒன்பது நாள், விசாரணைக் காலத்தில் சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். குழுமத்தில் இருந்த நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும், தகப்பன் இறந்தபின் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், எப்போதிருந்து பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்றெல்லாம் விசாரித்தார்கள். தாய்மாமனாகிய நான் அதுவரை அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. பிறகு எச்சரித்து, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவித்தார்கள். பால்காரரிடம் அவனை நானே அழைத்துச் சென்றேன். வண்டி இல்லாத நான்கு நாளும் விடியற்காலையில் கேன்களைச் சைக்கிளில் கட்டி மிதித்ததை அவர் கோபமின்றிச் சொன்னார். நான் அடித்தபோது அழாதவன் அங்கே அழுதான்.

குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று சிலர் எண்ணக்கூடும். கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றை நான் இதனோடு சேர்க்கவில்லை. குறைந்தது ஏழாண்டுச் சிறைக்குரிய கொடுங்குற்றத்தைப் பதினாறு வயது நிறைந்தவர் செய்தால், குழுமம் அவரது மனநிலையை மதிப்பிட்டு, பெரியவராகக் கருதி விசாரிக்கும்படி அனுப்பலாம் என 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது.

என் ஆற்றாமை ஊரின் மீதுதான். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டப்படி குற்றம். ஆனால் பிடிபட்ட அன்று மாலைக்குள் அவன் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. இத்தகைய தீர்ப்பால் எந்தத் தகுதியும் பறிபோகாது என்றும் சட்டம் சொல்கிறது. அவன் படித்த தனியார் பள்ளியோ, மற்றப் பெற்றோர் ஆட்சேபிப்பதாகக் கூறி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டது. குழுமத்தின் உத்தரவைக் காட்டி மூன்று முறை மன்றாடியும் பயனில்லை.

கடைசியில் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் அரசுப் பள்ளிக்குப் போனோம். அதன் தலைமையாசிரியர், நான் நீட்டிய உத்தரவைப் படிக்காமலே மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று அவனிடம் கேட்டார்.