கற்றுக்கொண்டவர்கள் விலகிப் போகும் இடத்தில் வலுவான குழுவை எப்படி உருவாக்குவது?

கேள்வி கேட்டவர் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரிவுப் பொறுப்பாளராக இருக்கிறார். பிரிவில் முப்பது பேர் இருந்தும் மூன்று நான்கு பேரை நம்பியே வேலை நடக்கிறது என்றும், அவர்களில் ஒருவர் விடுப்பு எடுத்தாலே உற்பத்தி தடுமாறுகிறது என்றும், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் ஓராண்டுக்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்த நிலையில் திறமையை வளர்ப்பது எப்படி, குழுவை வலுப்படுத்துவது எப்படி என்பது அவர் கேள்வி.

நான் ஓசூர்ப் பகுதியில் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. கடைசல் பிரிவுகளில் நெடுங்காலமாக வேலை பார்த்து வருகிறேன். ஆபரேட்டராகத் தொடங்கி இப்போது ஒரு பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். கற்றுக்கொடுப்பது என்பது ஷிப்ட் நேரத்துக்குள் நடக்கிற, ஒருவர் பெயரில் பொறுப்பாக இருக்கிற, சம்பள உயர்வின்போது கணக்கில் வருகிற வேலையாக எந்தப் பிரிவில் இருக்கிறதோ, அந்தப் பிரிவில் குழு வலுவாக இருக்கும். "நேரம் கிடைக்கும்போது அவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கண்ணே" என்ற அளவில் அது நின்றுவிட்ட இடங்களில், எத்தனை பயிற்சி வகுப்புகள் நடத்தினாலும் எத்தனை சுற்றுலா அழைத்துப் போனாலும் அதே மூன்று நான்கு பேரின் தோளில்தான் எல்லாம் கிடக்கும்.

முதலில் உங்கள் பிரிவின் உண்மை நிலையைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்ற அட்டவணை சுவரில் தொங்குகிறது. ஒரு பக்கம் ஆட்களின் பெயர், மறுபக்கம் வேலைகளின் பெயர், நடுவில் நான்காகப் பிரித்த வட்டங்கள். ஒரு கால் நிரம்பியிருந்தால் பழகிக்கொண்டிருக்கிறார், இரண்டு கால் என்றால் துணையோடு செய்வார், மூன்று கால் என்றால் தரமும் நேரமும் குறையாமல் தனியாகச் செய்வார், முழு வட்டம் என்றால் பிறருக்குக் கற்றுக்கொடுப்பார். தணிக்கைக்கு ஆட்கள் வருவதற்கு முந்தைய நாள் அதை நிரப்புகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். நீங்களும், இயந்திரத்தை வேலைக்குத் தயார்படுத்தும் உங்கள் மூத்த செட்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக உண்மையை மட்டும் எழுதினால், எந்த வேலைக்கு ஒரே ஒருவர் மட்டும் இருக்கிறார் என்பது ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டியவை அந்த வேலைகள்தாம், மற்றவை காத்திருக்கலாம்.

இந்த அட்டவணையின் வட்டங்களை நிரப்ப ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொள்வது பயன் தரும் என்பதால் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்குத் திடீரென்று ஏராளமான புதிய தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். கைதேர்ந்தவர்கள் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தவர்களில் பலர் அதற்கு முன் ஆலைக்குள் கால் வைத்தறியாதவர்கள். அவர்களை விரைவாகத் தயார்படுத்துவதற்காக, 'தொழிலுக்குள்ளேயே பயிற்சி' என்ற பொருள் தரும் டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி என்னும் அரசுத் திட்டம் 1940-இல் தொடங்கியது. 1945-இல் அது முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்று பெற்றனர். அந்தத் திட்டத்தார் தொழிலாளிகளுக்கு நேரடியாகப் பாடம் எடுக்கவில்லை; மேற்பார்வையாளர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதைக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவும் இரண்டு மணி நேர வகுப்புகள் ஐந்து மட்டுமே. போருக்குப் பின் இந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா நிறுவனம் 1950-களின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்கொண்டு இன்றுவரை தன் வேலைப் பயிற்சியின் அடித்தளமாக வைத்திருக்கிறது.

முறை எளிமையானது. கற்பவரின் பதற்றத்தைத் தணித்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது முதல் படி. வேலையை ஒவ்வொரு கட்டமாகச் செய்துகாட்டி விளக்குவது இரண்டாவது. அவரையே செய்யவைத்து, செய்யும்போதே காரணத்தையும் வாயால் சொல்லவைப்பது மூன்றாவது. தனியே விட்டுவிட்டு, யாரிடம் சந்தேகம் கேட்க வேண்டும் என்று காட்டி, அடிக்கடி போய்ப் பார்ப்பது நான்காவது. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கவில்லை என்றே பொருள் என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை. "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஆர்வம் இல்லை" என்று நம்மில் பலர் சொல்லி முடித்துக்கொள்ளும் இடத்தில் இந்தக் கொள்கையை வைத்துப் பார்த்தால், பொறுப்பு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

இதில் கடினமான பகுதி, கற்றுக்கொடுப்பதற்கு முன் வேலையைப் பிரித்து எழுதுவது. முக்கியமான கட்டங்கள் எவை, ஒவ்வொரு கட்டத்திலும் கவனிக்க வேண்டிய நுணுக்கம் எது, அந்த நுணுக்கத்துக்குக் காரணம் என்ன என்று மூன்று நெடுவரிசைகளில் எழுத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கடைசல் இயந்திரத்தில் இன்செர்ட் என்னும் வெட்டும் முனை தேய்ந்தால் மாற்றும் வேலையை எல்லாரும் சின்ன வேலை என்று நினைப்பார்கள். இருக்கையைத் துடைக்க வேண்டும், புதிய முனையைப் பொருத்த வேண்டும், திருகை இறுக்க வேண்டும், முதல் ஜாபை, அதாவது கடைய வேண்டிய முதல் உதிரிபாகத்தை, ஓட்டி அளக்க வேண்டும். நடைமுறைக் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால் அனுபவமுள்ள செட்டர் இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்கிறார். வெளி விட்டம் கடைவதாக இருந்தால், முனை நிற்கும் இடத்தைத் திருத்தும் அளவான ஆஃப்செட்டைச் சற்றுக் கூட்டிவைத்து, முதல் ஜாப் அளவுக்கு மேலே வரும்படி ஓட்டுகிறார். அளந்து பார்த்துவிட்டு, மிச்சத்தை இன்னொரு முறை எடுக்கிறார். ஏனென்றால் விட்டம் பெரிதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம். சிறிதாகிப் போனால் அந்த ஜாப் கழிவுக்குத்தான் போகும். உள் விட்டம் கடையும்போது இதற்கு நேர்மாறாக, துளை சற்றுச் சிறிதாக வரும்படி வைத்துக்கொள்கிறார். இது எந்தக் குறிப்பேட்டிலும் இல்லாமல் அவர் கையில் மட்டுமே இருக்கிறது. அவர் விடுப்பில் போகும் நாளில், கழிக்கப்படும் ஜாப்களின் கணக்கான ரிஜெக்‌ஷன் ஏறுவதற்குக் காரணம் இதுபோன்ற பத்துப் பதினைந்து நுணுக்கங்கள்தாம். அவற்றை அவரிடமே கேட்டு, காரணத்தோடு எழுதிவிட்டால், ஐ.டி.ஐ. முடித்து வந்த பையனும் சில வாரங்களில் அந்த வேலையை நம்பிக்கையோடு செய்வான்.

கேட்டால் அவர் சொல்வாரா என்பது அடுத்த சிக்கல். மூத்தவர்கள் தொழிலை மறைக்கிறார்கள் என்று குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஓர் இயந்திரத்துக்கு ஒரே செட்டர் இருக்கும்வரை ஓவர்டைம் முழுவதும் அவருக்குத்தான். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் வீட்டுக் கடனோ, மகளின் கல்லூரிக் கட்டணமோ நடக்கிறது. இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்த மாதத்திலேயே அவர் வருமானம் பாதியாகக் குறையும் என்றால், மனமுவந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. ஆகவே பணத்தை முதலில் பேசுங்கள். முழு வட்டம் பெற்றவருக்குத் தனிப் படியோ உயர்ந்த கிரேடோ உண்டு என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஒருவரைத் தயார்செய்து தன் இடத்தில் நிறுத்தியவரே அடுத்த பதவிக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்படுவார் என்பதை வெளிப்படையாக அறிவித்து, அதன்படி ஒரு முறையாவது நடந்து காட்டுங்கள். இந்த இரண்டும் நடந்த பிறகு வாயடைத்திருந்த மூத்தவர்கள் தாமாகவே பையன்களைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கற்றுக்கொண்டதும் போய்விடுகிறார்கள் என்ற கவலைக்கு வருகிறேன். இதற்கு நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் தங்களிடமே பயிற்சி அளிக்கிறார்கள். பார்வைச் சோதனை, நோயாளிக்கு விளக்கம் சொல்வது, அறுவை அரங்கில் துணை நிற்பது என்று மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடிய பணிகளையெல்லாம் அந்தப் பெண்கள் செய்கிறார்கள். ஊழியர்களில் பெரும்பகுதி அவர்கள்தாம். அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மருத்துவர் தம்மால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் செய்துவிட்டுத் திரும்பினால் போதும். அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவை சிகிச்சைகள் செய்ய முடிவதற்கு இந்தப் பெண்களின் பயிற்சியே பெரிய காரணம்.

அந்தப் பெண்களில் பலர் சில ஆண்டுகளில் திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். மருத்துவமனை அதை எதிர்பாராத இழப்பாக எண்ணாமல், ஆண்டுதோறும் புதியவர்களை எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் நிற்காத ஓட்டமாக நடக்கும்படி அமைத்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பேரில் மூவர் போவார்கள் என்று தெரிந்தால், மூவர் இடத்துக்குத் தயாராகும் ஆட்கள் எப்போதும் பயிற்சியில் இருக்க வேண்டும். அப்ரண்டிஸ்களை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயத்துக்காக மட்டும் எடுத்துப் பெட்டி தூக்க விடுகிற நிறுவனங்கள், இந்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே வீணாக்குகின்றன. போய்விடுவார்கள் என்ற பயத்தில் கற்றுக்கொடுக்காமல் இருந்தால் எஞ்சியிருப்பவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வேறெங்கும் போக முடியாதவர்களை வைத்துக்கொண்டு தரத்தைப் பற்றிப் பேச முடியாது.

சம்பளத்துக்காகப் போகிறவர்களை உங்களால் எப்போதும் தடுக்க முடியாது. ஆனால் மரியாதைக் குறைவினால் போகிறவர்களின் எண்ணிக்கை நாம் நினைப்பதைவிடக் கூடுதல். அதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் மேலே சொன்ன போர்க்காலத் திட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கென்று நான்கு அடிப்படைகள் இருந்தன. ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதை அவருக்கு அவ்வப்போது தெரிவிப்பது, பாராட்ட வேண்டியதை உடனே பாராட்டுவது, அவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது, அவர் திறமையை முழுமையாகப் பயன்படுத்துவது. மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை முதல் இரவு ஷிப்ட் என்று மாலை ஐந்து மணிக்குப் பலகையில் ஒட்டுவதற்கும், மூன்று நாள் முன்பே அவரைக் கூப்பிட்டு, "இந்த வாரம் லோடு கூடுது தம்பி, உங்களுக்கு வீட்டில் ஏதாவது சிரமம் இருக்கா?" என்று கேட்பதற்கும் செலவு ஒன்றுதான். ஆனால் அடுத்த முறை இயந்திரத்தில் விபரீத ஓசை கேட்டால் தானாக வந்து சொல்கிறவர், இப்படி முன்கூட்டியே கேட்கிற பொறுப்பாளரிடம் வேலை செய்கிறவராகத்தான் இருப்பார்.

ஆள் தேர்வைப் பற்றிப் பலர் நீளமாக எழுதுகிறார்கள்; எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர், அளந்த அளவை மாற்றி எழுதாதவர், இந்த இரண்டு குணங்கள் இருந்தால் மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

மாறாக, குழுவின் அளவைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். நம் ஆலைகளில் ஒரு சூப்பர்வைசருக்குக் கீழ் முப்பது நாற்பது பேர் இருப்பது சாதாரணம். அவர் நாளின் பெரும்பகுதி அறிக்கை எழுதுவதிலும் மூலப்பொருளுக்கு அலைவதிலும் போய்விடுகிறது. டொயோட்டாவின் லைனில் ஏறத்தாழ ஐந்திலிருந்து எட்டுப் பேருக்கு ஒரு குழுத் தலைவர் இருக்கிறார். தொழிலாளி உதவிக்கு அழைப்பதற்கென்று லைனில் வைத்திருக்கும் கயிற்றை இழுத்தால் உடனே வந்து நிற்பதும், புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதும், வராதவரின் இடத்தில் நின்று ஓட்டுவதும் அவர் பணி. முப்பது பேருக்கு ஒருவர் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் வளர்ச்சியையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது நடவாத காரியம். புதிய பதவிகளுக்கு நிர்வாகம் ஒப்பாது என்றால், உங்கள் பிரிவை நான்கைந்து சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கற்றுக்கொடுக்கும் தகுதி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்கு நாளில் ஒரு மணி நேரமாவது இயந்திரத்திலிருந்து விடுதலை வாங்கிக் கொடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு உற்பத்தி இலக்கில் இடம் வேண்டும் என்று நீங்கள் மேலிடத்தில் கேட்கும்போது மறுப்பு வரும். வெறும் கையோடு போகாமல், கடந்த ஆறு மாதங்களில் முக்கிய ஆட்கள் விடுப்பிலிருந்த நாள்களின் ரிஜெக்‌ஷன் கணக்கையும், இயந்திரம் நின்ற நேரத்தையும், வாடிக்கையாளருக்குத் தாமதமாகப் போன அனுப்புகைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா வேலைகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். ஒருவர் மட்டுமே அறிந்த வேலைகளில், அவர் ஓய்வு பெறும் நாள் மிக நெருங்கியிருப்பது எதுவோ அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று மாதம் கேளுங்கள். அந்த மூன்று மாதமும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலையைப் பிரித்து எழுதுங்கள். இரண்டு பேரை அவரிடமே பழக விடுங்கள். முடிவில் அவர் இல்லாத ஒரு வாரத்தின் கணக்கை மேலிடத்துக்குக் காட்டிவிட்டு, அடுத்த வேலைக்கான நேரத்தைக் கேளுங்கள்.