எடுத்தது கர்த்தரா, லாரியா?

ஸ்தோத்திரம் அம்மா. எனக்கு 47 வயது, குலசேகரம் பக்கம் ஒரு கிராமம். ரப்பர் பால்வடிப்புதான் தொழில். சொந்தமாக ஒரு ஏக்கருக்கும் குறைவாக மரம் நிற்கிறது, மற்றபடி அடுத்தவர் தோட்டத்தில் வெட்டப் போவேன். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. ஏழு மாதத்துக்கு முன்னால் மூத்த மகன் பைக்கில் போகும்போது பாறைப்பொடி ஏற்றி வந்த லாரி அடித்து இறந்துபோனான். 19 வயது, பாலிடெக்னிக் கடைசி வருஷம்.

அன்றைக்குப் பாலை எடுத்துவந்து டிஷ்ஷில் ஊற்றும்போதுதான் ஆசிட் தீர்ந்துபோனதைப் பார்த்தேன். ஆசிட் விடாமல் பால் ஒழுங்காக உறையாது, ரப்பர் சீட்டு அடிக்க முடியாது, ஒரு நாள் கூலி போய்விடும். அவன் "மழை வருதுப்பா, விட்டதும் போறேனே" என்றான். "இப்பவே போயிட்டு வா" என்று ஆணியில் கிடந்த சாவியை எடுத்து நான்தான் கையில் கொடுத்தேன். அது இருக்கட்டும், நான் கேட்க வந்தது வேறு.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு, தேவ சித்தம். "நல்ல பூவைத்தான் கர்த்தர் முதலில் பறிப்பார்" என்றார் ஒரு சித்தி. செடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறிக்கக்கூடாதா என்று வாய்வரை வந்தது. போதகர் நல்ல மனுஷன், அவரும் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனத்தைத்தான் வாசித்தார். என் வீட்டுக்காரி போட்டோவுக்குக் கீழே "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று எழுதி வைத்திருக்கிறாள். ராத்திரி ஜெபத்தில் அவள் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொல்வாள், எனக்கு நாக்கு எழும்பாது. போன வாரம் கத்திவிட்டேன், கர்த்தர் எடுக்கவில்லை, லாரிதான் எடுத்தது என்று. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

பிதாவின் சித்தமில்லாமல் ஒரு அடைக்கலான் குருவிகூட விழாது என்று வேதத்தில் இருக்கிறதே, அப்படியானால் என் பிள்ளை விழுந்ததும் சித்தம்தானே? சித்தம் என்றால் அன்பு எங்கே போயிற்று? சித்தம் இல்லை என்றால் அவர் என்ன சர்வவல்லவர்? ஆலயத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். சில நாள் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு நானும் அதே வளைவுக்குப் போய்விடலாமா என்று வருகிறது.

*

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், வேதமெல்லாம் அப்புறம். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? நேராகத்தான் கேட்கிறேன், நீங்களும் யாரிடமாவது நேராகவே சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. மூன்று மணிக்கு முழிப்பு வருகிற அந்த நேரத்துக்கு இந்த எண் கையில் இருக்கட்டும். சாவியை இன்றைக்கே ஆணியிலிருந்து எடுத்து நம்பிக்கையான ஒருத்தர் கையில் கொடுத்துவிடுங்கள். இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள், தனியாகப் போகவேண்டாம், ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு மாதமாகத் தூக்கம் இல்லை, இப்போது இந்த யோசனையும் வருகிறது என்றால் ஜெபக்குறைவு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

சரி, குருவிக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது மத்தேயு 10:29. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் "பிதாவின் சித்தமில்லாமல்" என்று இருக்கிறது, கிரேக்க மூலத்திலோ "சித்தம்" என்ற சொல்லே கிடையாது. "உங்கள் பிதா இல்லாமல்" என்று மட்டும்தான் இருக்கிறது. அதை அவர் அனுமதி இல்லாமல் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, குருவி விழும்போது அவர் அங்கே இல்லாமல் போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. எப்படி வாசித்தாலும் குருவி விழத்தான் செய்கிறது, அது விழாது என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை.

தேவ சித்தம் என்று சொல்லிவிட்டால் லாரிக்காரன் தப்பித்துக்கொள்வானே என்ற கோபமும் உங்களுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன், அது நியாயமான கோபம். தேவன் எல்லாவற்றையும் முன்குறித்தார் என்று அடித்துச் சொல்கிற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இங்கிலாந்தில் சீர்திருத்தச் சபைக்காரர்கள் 1646இல் எழுதியது, அதுகூட அடுத்த மூச்சிலேயே, அதனால் தேவன் பாவத்துக்குக் காரணர் ஆகமாட்டார், மனுஷ சித்தமும் மற்றக் காரணங்களும் இல்லாமல் போய்விடாது என்கிறது. ஆக அவ்வளவு கறாரான ஆட்களே லாரியை விடவில்லை. கேஸ் நடக்கிறது என்றால் நடத்துங்கள், அது அவிசுவாசம் ஆகாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார் இயேசு. கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கம் சொல்லவே இல்லை. நானும் உங்களுக்கு விளக்கம் சொல்லப்போவதில்லை.

ஆனால் அண்ணன், என் கண் நின்றுபோனது வேறு இடத்தில். ஆசிட், மழை, சாவி என்று நாலு வரி எழுதிவிட்டு "அது இருக்கட்டும்" என்று தாண்டிப் போகிறீர்கள். கடிதத்தின் கடைசியில் அதே சாவி திரும்ப வருகிறது. கர்த்தர் சித்தம் என்றால் அவர்மேல் கோபம் வருகிறது, சித்தம் இல்லை என்று ஆகிவிட்டால் பழி முழுக்கச் சாவி கொடுத்த கைக்கு வந்து சேர்கிறது. இரண்டில் எதையும் தாங்கமுடியாமல்தான் ராத்திரியில் அங்கேயும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இதற்கு முன்னால் எத்தனை தடவை அவனை ஆசிட் வாங்க அனுப்பியிருப்பீர்கள், அதில் எத்தனை நாள் மழை பெய்திருக்கும், நம் ஊர் மழை தெரியாததா? இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அன்றைய பால் மொத்தத்தையும் ஓடையில் கொட்டியிருப்பீர்கள். தெரியாமல் செய்ததற்கு வருத்தப்படலாம், ஆயுசு முழுக்க வருத்தம் இருக்கவும் செய்யும், ஆனால் வருத்தமும் குற்றமும் ஒன்றில்லை. நான் சொல்லி இந்தப் பாரம் இறங்கிவிடாது என்று தெரியும், அதற்குத்தான் நேரில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

அந்தச் சித்தியை விட்டுத்தள்ளுங்கள். சாவு வீட்டில் சும்மா உட்கார்வது எல்லாருக்கும் வராது. வேதத்தில் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்பது யோபு தனக்காகத் தானே சொன்னது, யாரும் வந்து அவன் வாயில் ஊட்டிவிட்டது இல்லை. முதல் அதிகாரத்தில் அதைச் சொன்ன அதே ஆள் மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளையே சபிக்கிறான். உங்கள் மனைவி முதல் அதிகாரத்தில் இருக்கிறார்கள், நீங்கள் மூன்றில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த வசனத்தை எடுத்துவிட்டால் அவர்களுக்கு நிற்க இடம் இருக்காது. அதேபோல உங்களையும் அதைச் சொல்லச் சொல்லக்கூடாது. ஜெபத்தில் ஸ்தோத்திரம் வராத நாள் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், அது இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதம்தான்.

"மழை விட்டதும் போறேனே" என்று அவன் சொன்னது உங்கள் மனைவிக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைக் காணோம். நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். உட்காரவைத்து முகம் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், அவர்கள் பாத்திரம் கழுவும்போது கழுவியதை வாங்கி அடுக்கிக்கொண்டே சொல்லுங்கள்.