காதால் கேட்ட ஜாவாஸ்கிரிப்ட்

வணக்கம் சார்,

ஒரு வருடத்துக்கும் மேலாக, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜாவாஸ்கிரிப்ட், வெப் டெவலப்மென்ட் பாட்காஸ்ட்களைக் கேட்டு வருகிறேன். நிறைய கேட்க வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன். சர்வர் காம்பொனென்ட், சிக்னல்ஸ், எட்ஜ் ரெண்டரிங் என்று யார் எதைப் பற்றிப் பேசினாலும் என்னாலும் சேர்ந்து பேச முடிகிறது. போன மாதம் ஒரு இன்டர்வியூவில், ஒரு ஏபிஐயிலிருந்து, அதாவது சர்வர் தகவல் கொடுக்கும் முகவரியிலிருந்து, பட்டியலை எடுத்துப் பக்கத்தில் காட்டச் சொன்னார்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபிரேம்வொர்க் எதுவும் கூடாது என்றார்கள். எனக்குக் கை ஓடவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இத்தனை நாள் கேட்டதெல்லாம் வீண்தானா? நிறுத்திவிடட்டுமா? தொடரலாம் என்றால் எதைக் கேட்பது? நானும் ஒரு நண்பரும் தமிழில் இப்படி ஒரு பாட்காஸ்ட் தொடங்கலாமா என்று யோசித்திருந்தோம். இப்போது அந்தத் தைரியமும் போய்விட்டது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீண் இல்லை. நிறுத்தவும் வேண்டாம். கோட் எழுதக் கற்பதையும், இந்தத் துறையில் இருப்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதையும் நீங்கள் ஒரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இரண்டாவதற்கு பாட்காஸ்ட் மாதிரி நல்ல வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. முதலாவதை அதனால் செய்யவே முடியாது.

எந்தக் கோட் எப்போது ஓடும் என்று முறை வைக்கும் ஈவென்ட் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஒரு எபிசோடாவது நிச்சயம் கேட்டிருப்பீர்கள். கேட்கும்போது எல்லாம் தெளிவாக இருந்திருக்கும். இப்போது பிரவுசர் கன்சோலைத் திறந்து மூன்று வரி எழுதுங்கள். முதலில் பூஜ்ஜியம் மில்லிசெகண்ட் கொடுத்து ஒரு செட்டைம்அவுட், அதாவது டைமர். இரண்டாவது, ஏற்கெனவே நிறைவேறிய ஒரு புராமிஸின் (பின்னால் வரும் பதிலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கொடுக்கும் உறுதி) தென். மூன்றாவது, சாதாரண கன்சோல் லாக். ஓடவிடுவதற்கு முன்னால், எது எந்த வரிசையில் அச்சாகும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்றாவது வரிதான் முதலில் வரும். அப்புறம் புராமிஸ். டைமர் கடைசி. ஓடிக்கொண்டிருக்கும் கோட் முழுக்க முடிந்த பிறகு புராமிஸ்கள் காத்திருக்கும் மைக்ரோடாஸ்க் வரிசை மொத்தமாகக் காலியாகும். அதற்குப் பிறகுதான் டைமர் போன்றவற்றுக்கு முறை வரும். இந்த விளக்கத்தைக் காதில் கேட்டால் 'சரி, சரி' என்று தலையாட்டிவிடுவோம். நாம் எழுதி வைத்த வரிசை தப்பாகிப்போனால்தான் அது மண்டையில் உட்காரும். பேச்சுக்கு முன்னே போகவும் பின்னே வரவும் தெரியும், கோடின் மேல் விரல் வைத்து 'இந்த வரியைப் பார்' என்று காட்டத் தெரியாது.

இன்டர்வியூவில் கேட்டதும் இதே வகைதான். அதை வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச் போட்டுப் பட்டியலைக் காட்டுவது பத்துப் பதினைந்து வரி வேலை. அதோடு நிறுத்திவிடாதீர்கள். சர்வர் 404, அதாவது 'கேட்டது இங்கே இல்லை' என்று பதில் சொன்னால் உங்கள் பக்கத்தில் என்ன தெரிகிறது? ஃபெட்ச் கொடுக்கும் புராமிஸ் 404-க்கோ, சர்வரிலேயே பிழை என்னும் 500-க்கோ தோல்வி அடையாது. நெட்வொர்க்கே போய்விட்டது என்கிற மாதிரி நிலையில்தான் அது தோல்வியைக் கவனிக்கும் கேட்ச் பக்கம் போகும். மற்றபடி பதிலில் ஓகே என்ற பண்பு உண்மையா பொய்யா என்று நாமே பார்த்தாக வேண்டும். பட்டியல் காலியாக வந்தால் என்ன காட்டுவீர்கள், பயனர் பொறுமை இழந்து பட்டனை இரண்டு முறை அழுத்தினால் என்ன ஆகும், முந்தைய பதில் பிந்தி வந்தால் திரையில் எது நிற்கும் என்றெல்லாம் கேள்விகள் வரிசையாக வரும். இவ்வளவையும் ஃபிரேம்வொர்க் இல்லாமல் ஒரு தடவை எழுதிவிட்டால், டேட்டா ஃபெட்சிங் லைப்ரரிகளைப் பற்றி நீங்கள் கேட்ட எபிசோட்கள் எதைத் தீர்க்கப் பார்த்தன என்பது புரிந்துவிடும். அந்த எபிசோட்களை அப்போது இன்னொரு முறை கேளுங்கள். வேறு எபிசோட் மாதிரி இருக்கும்.

பாட்காஸ்ட் நன்றாகச் செய்யும் வேலைக்கு வருகிறேன். அரே என்ற பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களைப் பிரித்து ஒன்றாக்கும் ஃபிளாட் என்ற மெதட் உங்களுக்குத் தெரியும். ஏன் அதற்கு ஃபிளாட்டன் என்று பெயர் வைக்கவில்லை? வைக்கத்தான் நினைத்தார்கள். 2018-இல் ஃபயர்ஃபாக்ஸின் நைட்லி என்ற சோதனைப் பதிப்பில் அந்தப் பெயரோடு சேர்த்துப் பார்த்தபோது, பலர் பயன்படுத்திய ஒரு தளம் உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, தானே அரேக்கு ஒரு ஃபிளாட்டன் வைத்திருந்தது. அதன் பிறகு ஃபார்-இன் லூப் போட்டு, அரேயின் மெதட்களை எல்லாம் பக்கத்தின் கூறுகளை வைத்திருக்கும் தன்னுடைய எலிமெண்ட்ஸுக்கு நகல் எடுக்கும். பிரவுசரிலேயே அந்தப் பெயரில் ஒன்று வந்துவிட்டால், அதன் மேல் எழுதினாலும் அது ஃபார்-இன் கண்ணில் படாது. பிரவுசரோடு வரும் மெதட்களின் குணம் அப்படி. நகல் நடக்காது, தளம் உடையும். ஜாவாஸ்கிரிப்ட்டின் தரத்தை முடிவு செய்யும் டிசி39 குழுவில் ஒருவர் விளையாட்டாக, பெயரை ஸ்மூஷ் என்று மாற்றிவிடலாம் என்றார். அதை நிஜம் என்று நம்பிப் பலர் கொதித்துப்போனார்கள். கடைசியில் ஃபிளாட் என்று முடிவாகி, மொழியின் 2019 பதிப்பில் சேர்ந்தது. ஒன்று உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் இன்க்ளூட்ஸ் என்ற பெயருக்குப் பின்னாலும் இதே மூடூல்ஸ்தான். முதலில் நினைத்த பெயர் கன்டெய்ன்ஸ்.

இதை டாக்குமென்டேஷனில் படித்தால் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் வாயால் கேட்டால், ஏற்கெனவே இருக்கும் வெப்பை உடைக்கக் கூடாது என்ற கொள்கைக்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்பது விளங்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பல கோணல்களுக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. ஒன்றின் வகையைக் கேட்கும் டைப்ஆஃப், வெறுமையைக் குறிக்கும் நல்லை இன்றைக்கும் ஆப்ஜெக்ட் என்று சொல்வதும், தேதியில் மாதம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதும் மொழியின் தொடக்கக் காலத்திலிருந்து கூடவே வரும் பழைய முடிவுகள். யார் எந்த நெருக்கடியில் எடுத்த முடிவு என்று தெரிந்தபின் மொழியின் மேல் எரிச்சல் குறைந்து ஒரு பிரியம் வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பிரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பல வருடம் இந்த வேலையில் நிலைக்க அது வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நேரடியாகச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: எப்போதும் பின்தங்கிக் கிடக்கிறோம் என்ற பயம். அதைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் விருந்தினர் தேர்வுதான். புதிதாக ஒன்றை உருவாக்கியவர்தான் பாட்காஸ்ட்டுக்கு அழைக்கப்படுகிறார். ஒரே மென்பொருளை எட்டு வருடமாக ஒழுங்காகப் பராமரித்து வருபவரை யாரும் அழைப்பதில்லை. அதனால் வாரம் இரண்டு எபிசோட் கேட்பவருக்கு, உலகமே வாரம் இரண்டு முறை மாறுவதாகத் தோன்றுகிறது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி 2006-இல் வந்தது. உலகின் பெரும்பாலான தளங்களில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த எபிசோடிலாவது அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்டீர்களா?

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பாட்ராக்கெட் என்ற நிகழ்ச்சியை நடத்துவது, தளங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்கும் லாக்ராக்கெட் நிறுவனம். சின்டாக்ஸ் என்ற இன்னொரு நிகழ்ச்சி 2023-இல் சென்ட்ரி என்ற, பிழைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்தது. இவர்கள் இதை மறைப்பதில்லை, தரமும் கெட்டுவிடவில்லை. ஆனால் விருந்தினராக வருபவரிடம் பெரும்பாலும் விற்க ஒரு கருவி இருக்கும். 'இது எந்த வேலைக்குப் பொருந்தாது?' என்று நடத்துபவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால், அந்த நிகழ்ச்சியைத் தொடரலாம்.

எதைக் கேட்பது என்றீர்கள். ஷாப்டாக் ஷோவை முதலில் சொல்வேன். கிறிஸ் காயரும் டேவ் ரூபர்ட்டும் 2012-லிருந்து நடத்துகிறார்கள். பக்க வடிவமைப்பு பற்றிய சிஎஸ்எஸ்-ட்ரிக்ஸ் தளத்தைத் தொடங்கியவரும், பிரவுசரிலேயே கோட் எழுதிப் பார்க்க உதவும் கோட்பென்னை உருவாக்கியவர்களில் ஒருவரும் இந்தக் காயர்தான். இருவரும் தளங்களைக் கட்டிப் பராமரிப்பவர்கள், அதனால் பேச்சு தரையிலேயே இருக்கும். வெஸ் பாஸும் ஸ்காட் டோலின்ஸ்கியும் நடத்தும் சின்டாக்ஸ் 2017-இல் தொடங்கியது. தொடங்குபவருக்கும் எளிது, கேள்வி பதில் எபிசோட்கள் நன்றாக இருக்கும். புதுச் செய்தி எபிசோட்களை நீங்கள் தற்போதைக்குத் தவிர்க்கலாம்.

இகாலியா சாட்ஸ் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல ஆசை, ஏனென்றால் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. இகாலியா, பக்கங்களைத் திரையில் காட்டும் பிரவுசர் எஞ்சின்களுக்குள் வேலை செய்யும் நிறுவனம். பிரையன் கார்டெல், எரிக் மேயர் இருவரும் பேசுகிறார்கள். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும், பக்கத்தைக் கட்டங்களாக அடுக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட் வந்தது. அதில் குரோமிலும் சஃபாரியிலும் உள்ள எஞ்சின்களுக்கு கிரிட்டை எழுதியதில் பெரும் பங்கு இகாலியாவுடையது. அதற்குப் பணம் கொடுத்தது ப்ளூம்பெர்க். பிரவுசர் நிறுவனம் இல்லாத ஒரு நிதித்தகவல் நிறுவனம், தன் தேவைக்காகக் கொடுத்த பணத்தில் செய்த வேலையை இன்று எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்துகிறோம். நாம் தினமும் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ சம்பளம் வாங்கிச் செய்த வேலை இருக்கிறது. அந்தச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், கொடுப்பது நின்றால் என்ன ஆகும் என்பதை இங்கேதான் விரிவாகப் பேசுகிறார்கள்.

ஜேஎஸ் பார்ட்டியும் உண்டு. சேஞ்ச்லாக் நிறுவனம் அதைத் தயாரிப்பதை 2024 கடைசியில் நிறுத்திவிட்டது, ஆனாலும் பழைய எபிசோட்களுக்காகவே சொல்கிறேன். சில எபிசோட்களில் ஒரு தலைப்பை வைத்து, இரு பக்கமும் ஆட்களைப் பிரித்துவிட்டு வாதாட வைப்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் ஒரு தளம் ஓட வேண்டுமா என்பது அப்படி ஒரு தலைப்பு. தனக்கு ஒப்பாத பக்கத்துக்காகவும் ஒருவர் நேர்மையாக வாதாடுவதைக் கேட்பது நல்ல பயிற்சி. எழுத்து வடிவத்தையும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆங்கில உச்சரிப்பு எங்கேயாவது நழுவிப்போனால் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய எபிசோட் கேட்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2013-ஐ ஒட்டிய பேச்சைக் கேட்டால் கோடைத் தொகுத்துத் தயாராக்கும் கருவிகளில் கிரண்ட்டா கல்ப்பா என்று அடித்துக்கொள்வார்கள். பிறகு வெப்பேக் பரவியது, 2020-இல் வீட் வந்தது. அந்த விவாதத்தின் முக்கால்வாசி இன்று யாருக்கும் தேவையில்லை. அதே காலத்தில் குளோஷர் பற்றியோ டாம் ஈவென்ட் பற்றியோ, அதாவது மொழியின், பிரவுசரின் அடிப்படைகள் பற்றி, யாராவது பேசியிருந்தால், அது அப்படியே இன்றைக்கும் பயன்படும். எது நிற்கும், எது போகும் என்பதை இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பழக முடியும்.

வேகத்தைக் குறையுங்கள். செய்தி என்றால் இரண்டு மடங்கில் கேட்கலாம். வாதம் என்றால், பேசுபவர் தயங்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதை வேகம் தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு எபிசோட் போதும், அதுவும் அந்த வாரம் நீங்கள் கையால் தொட்ட விஷயத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

உங்கள் சொந்த பாட்காஸ்ட் பற்றி. தாராளமாகத் தொடங்குங்கள். நிபுணர் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நிபுணர் மாதிரிப் பேசவும் கூடாது. உலகில் வந்த புதுச் செய்திகளைத் தமிழில் திருப்பிச் சொல்வதற்கு நீங்கள் தேவையில்லை. அந்த வாரம் இருவரில் ஒருவர் மாட்டிக்கொண்ட ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன சந்தேகப்பட்டீர்கள், எதை மாற்றிப் பார்த்தீர்கள், பிரவுசரின் டெவ்டூல்ஸில் எந்த இடத்தில் குட்டு வெளிப்பட்டது என்று வரிசையாகச் சொல்லுங்கள். நண்பர் குறுக்கே கேள்வி கேட்கட்டும். கோடை வாய்விட்டுப் படிக்காதீர்கள், எபிசோட் குறிப்பில் போட்டுவிடுங்கள். தொழில்நுட்பச் சொற்களை நீங்கள் வேலையில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள், அதற்காகத் தயங்காதீர்கள்.

யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டு கடைசியில் டேவ் வைனர், தளத்தின் புதுப் பதிவுகளைப் பட்டியலிட்டுக் கொடுக்கும் ஆர்எஸ்எஸ்ஸில் என்க்ளோஷர் என்ற ஒரு கூறைச் சேர்த்தார். ஆடியோ கோப்பின் முகவரி, அதன் அளவு, அதன் வகை, இந்த மூன்றுதான் அதில் இருக்கும். ஆப்பிள் 2005-இல் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்ததும், இன்று நீங்கள் கேட்கும் பெரும்பாலான செயலிகள் ஓடுவதும் அந்த ஏற்பாட்டின் மேல்தான். ஒரு எம்பி3, ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, இரண்டையும் வைக்க ஒரு இடம், அவ்வளவுதான் தேவை. அந்த எக்ஸ்எம்எல்லை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டை நீங்களே ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். தேதியை எந்த வடிவில் கொடுப்பது, தலைப்பில் ஆம்பர்சண்ட் (&) வந்தால் என்ன செய்வது என்று அதில் உங்களுக்கு நிறைய வேலை காத்திருக்கிறது. அந்தக் கோப்பு, அதாவது ஃபீட், தயாரானதும் முகவரியை அனுப்பிவையுங்கள், கேட்கிறேன்.