வாடகை குறைவு என்றால் பிரச்சினை இல்லையா?

கேள்வி: என் மகள் ரொறன்ரோவில் நகரத் திட்டமிடல் படிக்கிறாள். புதிதாகக் குடியேறியவர்களின் வீட்டுப் பிரச்சினையை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். வரிக்கு முந்தைய வருமானத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வீட்டுக்குப் போனால்தான் கட்டுப்படியாகாத வீடு என்கிறாள். நாங்கள் வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம், வாடகையைப் பிரித்துக் கட்டியதால் 30 சதவீதம் வரவே இல்லை. அப்போ எங்களுக்குப் பிரச்சினையே இருக்கவில்லையா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: நிச்சயமாக இருந்தது அம்மா. அந்த 30 சதவீதம் பணத்தை மட்டும்தான் பார்க்கிறது. அந்தப் பணத்துக்குள் அடங்க நீங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தீர்கள் என்று அது கேட்காது. கனடாவின் அதிகாரபூர்வக் கணக்கில் செலவோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் பார்க்கிறார்கள், வீடு பெரிய பழுதில்லாமல் இருக்கிறதா, ஆட்களுக்கேற்ற படுக்கையறைகள் இருக்கின்றனவா என்று. ஒரு அறைக்கு அதிகம் போனால் இரண்டு பேர், பெற்றோருக்குத் தனி அறை என்று அதற்கு விதியும் உண்டு. வாடகையை மட்டும் கேட்டால் நெருக்கிக்கொண்டு வாழ்கிறவர்கள் எல்லாம் வசதியானவர்களாகத் தெரிவார்கள், ஆகவே மகள் வாடகையோடு மற்ற இரண்டையும் சேர்த்தே கேட்கட்டும்.

அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. குடும்பமாக அல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களில், வீட்டுச் செலவுக்குப் பொறுப்பான ஒருவர் 15 முதல் 29 வயதுக்குள் இருந்து படித்துக்கொண்டும் இருந்தால், அந்த வீட்டை வீட்டுப் பிரச்சினை உள்ள வீடாக எண்ணுவதே இல்லை. படிக்க வந்து, வேலையும் செய்து, ஒரே அறையில் மூன்று நான்கு பேராகப் படுக்கிற பிள்ளைகள் அப்படியே விடுபட்டுப்போகிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம், சராசரி வாடகையையும் மகள் அப்படியே நம்ப வேண்டாம். ஒன்ராறியோவில் 1998 முதல், ஒருவர் காலி செய்ததும் அடுத்தவரிடம் வீட்டுக்காரர் எவ்வளவும் கேட்கலாம், வாடகை உயர்வுக்கான வரம்பு உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். இருபது வருஷமாக ஒரே அப்பார்ட்மென்டில் இருப்பவரின் வாடகையும் சேர்ந்துதான் சராசரி வருகிறது, இப்போது வந்து இறங்கியவருக்கு அந்த விலையில் வீடு கிடைக்காது.

இன்னொன்று, மிக முக்கியம். அறை அறையாக வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு ஸ்காபரோவில் 2024 மார்ச் 31இல்தான் சட்ட அனுமதி வந்தது. அதற்கு முன்னும் அப்படியான வீடுகளில் ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். உண்மையைச் சொன்னால் வீட்டை மூடிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் ஆய்வாளரிடம் எப்படிப் பேசுவார்கள்? உரிமம் இல்லாத வீட்டில் இருப்பவருக்கு இன்றும் அந்தப் பயம் உண்டு. மகள் யாருடைய விலாசத்தையும் எழுதிக்கொள்ள வேண்டாம், பேச்சை நூலகத்திலோ வேறு பொது இடத்திலோ வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: வேலை கிடைத்துவிட்டது, ஆனால் கனடாவில் கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லை என்று வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். கேட்கலாமா?
– ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: கூடாது. மாத வாடகைக்கு இருப்பவரிடம் முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க ஒன்ராறியோ சட்டத்தில் இடமில்லை. கிரெடிட் இல்லாததைக் கெட்ட கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மாகாண மனித உரிமை ஆணையமும் சொல்கிறது. சாவி அவர் கையில் இருக்கும்போது சட்டம் பேசுவது கஷ்டம்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவர் கேட்டது மெசேஜிலாவது எழுத்தில் இருக்கட்டும், ரசீது வாங்குங்கள். வீட்டுக்காரர் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து அதைத் திருப்பிக் கேட்கலாம்.