மெனு போகாமல் டிவிடி, புளூரே வட்டுகளை நகலெடுப்பது எப்படி?

கேள்வி: டிவிடி, புளூரே வட்டுகளை ஹார்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்த வேண்டும். மெனு, பல மொழி ஒலித்தடங்கள், சப்டைட்டில், கூடுதல் காட்சிகள் எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஹேண்ட்பிரேக்கில் செய்தேன், படமும் ஒரே ஒரு மொழியும்தான் கிடைத்தன. எந்த மென்பொருளை எடுக்கலாம்?

பதில்: ஹேண்ட்பிரேக் மேல் குற்றமில்லை. அது வடிவம் மாற்றுகிற கருவி. படத்தை மறுபடி சுருக்கி எம்பி4 அல்லது எம்கேவி கோப்பாகத் தரும், மெனுவைத் தொடவே தொடாது. மற்ற மொழிகளையும் நீங்களே ஆடியோ பகுதியில் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்க வேண்டும்.

டிவிடியின் 'வீடியோ டிஎஸ்' கோப்புறையைத் திறந்தால் மூன்று வகைக் கோப்புகள் தெரியும். படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் விஓபி கோப்புகளுக்குள் இருக்கும். எந்தப் பொத்தான் எங்கே போகும், எந்த அத்தியாயம் எங்கே தொடங்கும் என்ற வழிகாட்டல் ஐஎஃப்ஓ கோப்பில் இருக்கும். பியுபி அதன் மாற்றுப் பிரதி. விஓபிகளை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டால் மெனு வேலை செய்யாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே மெனு வேண்டுமென்றால் முழு வட்டையும் ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது வட்டை அப்படியே பிரதியெடுத்த ஒரே கோப்பாக எடுங்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத டிவிடிக்கு இம்க்பர்ன் போதும், பழைய மென்பொருள்தான், ஆனாலும் நம்பலாம். ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்காகத் தரவு பதிந்த இரட்டை அடுக்கு வட்டானால் அது கூடவே உருவாக்கும் எம்டிஎஸ் கோப்பை அழிக்காதீர்கள். அடுக்கு மாறும் இடம் அதில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது, திரும்ப வட்டில் எழுதும்போது தேவைப்படும். புளூரேவுக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருளின் 'பேக்கப்' முறை கோப்புறைகளை அப்படியே எடுத்துத் தரும். பூட்டை உடைப்பது, சொந்த வட்டானாலும், பல நாடுகளில் சட்டப்படி தவறு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெனு இல்லாவிட்டால் பரவாயில்லை என்பவர்களுக்கு மேக்எம்கேவியின் எம்கேவி முறையே சிறந்தது என்பேன். மறுசுருக்கம் கிடையாது, தரம் துளியும் குறையாது, அத்தியாயங்களும் தங்கும். ஒலித்தடம், சப்டைட்டில் எல்லாவற்றுக்கும் டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று, 120 நொடிக்குக் குறைவான துண்டுகளை அது இயல்பாகவே ஒதுக்கிவிடும். குட்டிக் கூடுதல் காட்சிகள் காணாமல் போவது இப்படித்தான். அமைப்பில் அந்த எண்ணைக் குறையுங்கள்.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியை 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு வட்டுக்குள் அடைக்கும் ஆசை வேண்டாம். படம் மங்கும், இல்லையேல் ஒலித்தடங்களைக் கழிக்க வேண்டிவரும். இடம் வேண்டும்தான்: புளூரே ஒன்றுக்கு 25 அல்லது 50 ஜிபி, 4கே வட்டுக்கு 100 ஜிபி வரை போகும்.

கேள்வி: ஐஎஸ்ஓவை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போது 'கோப்பு மிகப் பெரியது' என்கிறது. இடமோ நிறைய இருக்கிறது.

பதில்: அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள்.

கேள்வி: கீறல் விழுந்த டிவிடி பாதியில் நின்றுவிடுகிறது. மீட்க வழி உண்டா?

பதில்: முதலில் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடிவிடும். பிறகு டிடிரெஸ்க்யூ, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் மென்பொருள். செக்டர் (வட்டில் தரவைப் படிக்கும் சிறு துண்டு) அளவை 2048 பைட் என்று கொடுங்கள், அதன் இயல்பு அளவான 512 வட்டுக்குப் பொருந்தாது. முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டி நல்லதை எல்லாம் அள்ளட்டும், அடுத்த சுற்றில் கெட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலட்டும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் கோப்பில் அது குறித்துக்கொள்ளும். அதே கோப்போடு வட்டை வேறொரு டிரைவில் போட்டுத் தொடருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.